பக்னேஷஸ்: மடக்கிய கையில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் ஒருவரை ‘பக்னேஷஸ்’ என்று சொன்னால், அவர் யாரையோ அடித்துவிட்டார் என்று பொருளில்லை. அடிக்கத் தயாராகவே இருப்பவர் என்று பொருள். பேச்சு தொடங்கும்போதே அவருடைய தாடை முன்னே வரும், குரல் ஒரு படி ஏறும், எதிரில் இருப்பவர் சாதாரணமாகக் கேட்ட கேள்விகூடச் சவாலாகத் தோன்றும். கை மடங்கிவிட்டது, ஆனால் இன்னும் ஓங்கவில்லை. இந்த இடைப்பட்ட நிலையைத்தான் அந்தச் சொல் பிடித்து வைத்திருக்கிறது. அதன் வேரும் அதையேதான் காட்டுகிறது. லத்தீனில் ‘புக்னுஸ்’ என்றால் மடக்கிய கை, அதாவது முஷ்டி.

ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் இதற்குச் ‘சண்டையிடும் இயல்புள்ள’, ‘போர்க்குணமுள்ள’ என்ற வகையில் பொருள் கிடைக்கும். அதில் தவறில்லை. ஆனால் அதே பொருள்தான் பெலிஜெரன்ட், பெலிகோஸ், காம்பேட்டிவ், அக்ரெஸிவ் ஆகிய சொற்களுக்கு நேராகவும் எழுதப்பட்டிருக்கும். ஐந்து சொல்லுக்கும் ஒரே விளக்கம் என்றால் எதை எங்கே போடுவது என்று படிப்பவருக்குத் தெரியாது. அடித்தல், முட்டுதல், மோதுதல் பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி, ஒவ்வொன்றும் உடம்பின் எந்த உறுப்பில் தொடங்கியது என்று பார்ப்பது. ஒன்று காலில் தொடங்கியது, ஒன்று வாயில். பக்னேஷஸ் கையில் தொடங்கியது.

முஷ்டியும் முள்முனையும்

லத்தீனில் இந்தச் சொல் வளர்ந்த படிகள் தெளிவானவை. புக்னுஸ், முஷ்டி. அதிலிருந்து புக்னா, கைச்சண்டை. அதனோடு புக்னாரே, சண்டையிடுதல். அதிலிருந்து புக்னாக்ஸ், சண்டையிடுவதையே இயல்பாகக் கொண்ட ஆள். புக்னா என்பது நாளடைவில் கையைத் தாண்டி வாளுக்கும் படைக்கும் பரவியது. கி.மு. 216இல் ஹானிபால் ரோமானியப் படையை நசுக்கிய கானே போரையும் ரோமானிய எழுத்தாளர்கள் புக்னா என்றே எழுதினார்கள். பல்லாயிரம் பேர் மாண்ட போருக்கும் முஷ்டியில் பிறந்த பெயர்தான். ஆங்கிலம் பதினேழாம் நூற்றாண்டில் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது படைகளை விட்டுவிட்டு, தனி ஆளின் சுபாவத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு வகையில் சொல் மறுபடியும் கைக்கே திரும்பி வந்தது.

லத்தீனுக்கும் முன்னால் போனால் இன்னும் சுவையான இடம் வருகிறது. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மூலச்சொற்களை ஆராய்பவர்கள், புக்னுஸ் என்பதைப் ‘பெயுக்’ என்ற வேரோடு சேர்க்கிறார்கள். அந்த வேருக்கு அவர்கள் தரும் பொருள், கூரான முனையால் குத்துதல். அதே வேரிலிருந்துதான் லத்தீனின் ‘புங்கேரே’ என்ற வினையும் வந்தது. முள் குத்துவது, ஊசி குத்துவது, கொடுக்கு குத்துவது எல்லாம் புங்கேரே.

முஷ்டி மழுங்கியது, முள் கூரானது. இரண்டும் எப்படி ஒரே வேரில் சேர்ந்தன என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு விளக்கச் சில பத்திகள் வேண்டியிருக்கும். தமிழருக்கு ஒரே சொல் போதும்: குத்து. காலில் முள் குத்தியது என்கிறோம், முகத்தில் குத்தினான் என்றும் சொல்கிறோம். ஊசியால் குத்துவதும் முஷ்டியால் குத்துவதும் நமக்கு ஒரே வினை. கையை விரித்து அடித்தால் அறை, மடக்கி அடித்தால் குத்து. அறையில் விசை அகலமாகப் பரவுகிறது. குத்தில் அது ஒரே புள்ளியில் இறங்குகிறது. முஷ்டியை முனையாக நினைப்பதற்கு அது போதுமான காரணம். குத்துச்சண்டை என்ற நம் சொல்லை எழுத்தெழுத்தாக லத்தீனில் பெயர்த்தால் புக்னாவுக்கு மிக அருகில் வந்து நிற்கும்.

இதைப் பார்த்துவிட்டு லத்தீன் தமிழிலிருந்து வந்தது என்றோ, தமிழ் லத்தீனிலிருந்து எடுத்தது என்றோ யாரும் கிளம்பிவிடக் கூடாது. தமிழ் திராவிடக் குடும்பம், லத்தீன் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். குத்து என்பதற்கும் பெயுக் என்பதற்கும் ஒலியிலும் உறவில்லை, வரலாற்றிலும் உறவில்லை. ஒரே உடம்பு, ஒரே கை, ஒரே முள் கொண்ட மனிதர்கள் தனித்தனியே ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். உறவு இல்லாமல் வந்த ஒற்றுமை என்பதாலேயே இது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது.

கிரேக்கத்திலும் இதே வேர் உண்டு. ‘பிக்மே’ என்றால் முஷ்டி. கி.மு. 688இல் ஒலிம்பிக் விளையாட்டில் சேர்க்கப்பட்ட குத்துச்சண்டைக்குப் ‘பிக்மாக்கியா’, முஷ்டிப்போர் என்று பெயர். பிக்மே ஓர் அளவையாகவும் இருந்தது. முழங்கை முனையிலிருந்து மடக்கிய கையின் முட்டிவரை உள்ள நீளம் அது. 18 விரற்கடை, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். விரலை நீட்டி நடுவிரல் நுனிவரை அளந்தால் 24 விரற்கடை, அது நம்முடைய முழத்துக்கு இணையான அளவு. கையை மடக்கினால் ஆறு விரற்கடை குறைந்துவிடுகிறது. அந்த முஷ்டி அளவே உயரமுள்ளவர்கள் என்று கிரேக்கர்கள் கற்பனை செய்த குள்ள இனத்தவருக்குப் ‘பிக்மையோய்’ என்று பெயர் வந்தது. ஆங்கிலத்தின் ‘பிக்மி’ அதுதான். ஹோமரின் இலியட் காவியத்தில் அவர்கள் வருவது கொக்கினத்துப் பறவைகளோடு போரிடுபவர்களாக. அளவுக்காக வைத்த பெயர்தான், ஆனால் அதன் பக்கத்திலேயே சண்டையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் தினமும் பேசும் உறவினர்கள்

பக்னேஷஸ் என்ற சொல்லை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லாதவரும் அதன் உறவினர்களைத் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். டயர் பஞ்சர் என்கிறோமே, அது புங்கேரேயின் பிள்ளை. ஆணி குத்தி விழுந்த துளை. பாயின்ட் என்பதும் அங்கிருந்துதான். குத்தியதால் விழுந்த புள்ளி லத்தீனில் ‘புங்க்டும்’, அதுவே பிரெஞ்சு வழியாகப் பாயின்ட் ஆனது. ஒரு புள்ளிகூடத் தவறாமல் நேரத்துக்கு வருபவர் பங்க்சுவல். அக்குபங்சர் என்றால் ஊசியால் குத்துவது. ‘அக்குஸ்’ என்பது லத்தீனில் ஊசி. பன்ச் டயலாக் என்கிறோமே, அந்தப் பன்ச்சும் துளைக்கும் கூரான கருவியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்ததுதான். காகிதத்தில் துளைபோடும் பன்ச், மூக்கில் விழும் பன்ச், திரையில் விழும் பன்ச் மூன்றுக்கும் அடியில் ஒரே முனை.

மனத்தைப் பற்றிய சொற்களில் இந்த ஒற்றுமை இன்னும் நெருக்கமாகிறது. மனசாட்சி குத்துகிறது என்கிறோம். ஆங்கிலத்தில் ‘கம்பங்க்ஷன்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருளே உள்ளே நன்றாகக் குத்துவது என்பதுதான். நெஞ்சைத் தைக்கும் காட்சி என்கிறோம், அவர்கள் ‘பாய்ன்யன்ட்’ என்கிறார்கள். பழைய பிரெஞ்சில் குத்துகிற என்று பொருள். மூக்கைத் துளைக்கும் நெடி என்கிறோம், அவர்கள் ‘பஞ்ஜென்ட்’ என்கிறார்கள். குத்தல் பேச்சு என்ற நம் சொல்லுக்கும் அதையே ஒரு பொருளாக வைத்திருக்கிறார்கள். காரமாகவும் கூராகவும் எழுதப்பட்ட விமரிசனம் பஞ்ஜென்ட்.

‘எக்ஸ்பஞ்ஜ்’ என்ற சொல்லைச் சட்டமன்றச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவைக்குறிப்பிலிருந்து நீக்குதல் என்று எழுதுவார்கள். நீக்குவதற்கும் குத்துவதற்கும் என்ன தொடர்பு? கையெழுத்துப் படிகள் எழுதிய காலத்தில், தவறாக எழுதிய எழுத்தைச் சுரண்டினால் தோல்தாள் கெடும், மை ஊறும். அதனால் நீக்கவேண்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். படிப்பவர் புள்ளியைக் கண்டால் அந்த எழுத்தை விட்டுவிட்டுப் படிக்கவேண்டும். ஐரோப்பியக் கையெழுத்துப் படிகளில் இந்தப் புள்ளிகளை இன்றும் பார்க்கலாம். புள்ளி குத்தி நீக்கியது, அதனால் எக்ஸ்பஞ்ஜ்.

இவை முள் பக்கத்து உறவுகள். முஷ்டி பக்கத்தில் பிள்ளைகள் குறைவு, ஆனால் முரடானவை. குத்துச்சண்டை வீரரைப் ‘பியூஜிலிஸ்ட்’ என்பது லத்தீனின் ‘புகில்’ என்பதிலிருந்து. ஒருவருடைய நேர்மையையோ சாட்சியத்தையோ கேள்விக்குள்ளாக்குவது ‘இம்ப்யூன்’, அதன் மேல் சண்டைக்குப் போவது. ‘ரிபக்னன்ட்’ என்பதற்கு இன்றைய பேச்சில் அருவருப்பான என்று பொருள். ஆனால் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது இருந்த பொருள், எதிர்த்து நிற்கிற, முரண்படுகிற என்பது. சட்ட மொழி அந்தப் பழைய பொருளை விடவேயில்லை. ஒரு விதி இன்னொரு விதிக்கு ரிபக்னன்ட் என்று தீர்ப்பில் இருந்தால், அருவருப்பானது என்று மொழிபெயர்ப்பது பெரும்பிழை. இரண்டும் சேர்ந்து நிற்கமுடியாது, ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று எழுதவேண்டும். மொழிபெயர்ப்பில் அடிக்கடி வழுக்கிவிடும் இடம் இது.

ஒலியை மட்டும் வைத்து உறவு தேடினால் ஏமாறுவோம். சப்பை மூக்கும் சுருங்கிய முகமும் கொண்ட பக் நாய்க்கும் இந்த முஷ்டிக்கும் உறவில்லை. குத்துவாங்கி மூக்கு நசுங்கியது போல் இருக்கிறதே என்று கதை கட்டத் தோன்றும். பேச்சு வழக்கில் குத்துச்சண்டைக்காரரைப் ‘பக்’ என்று சுருக்கிச் சொல்வதும் உண்டு என்பதால் கதை இன்னும் பொருத்தமாகத் தெரியும். ஆனால் நாயின் பெயர் அந்தச் சுருக்கத்தைவிடப் பழையது.

வால்பகுதியில் இருக்கும் குணம்

சொல்லின் முன்பாதி முஷ்டி என்றால், பின்பாதிதான் அதை ஒரு குணமாக்குகிறது. லத்தீனில் வினையின் கடைசியில் ‘ஆக்ஸ்’ என்ற விகுதி சேர்ந்தால், அந்தச் செயலை நோக்கி எப்போதும் சாய்ந்திருப்பவர் என்ற பொருள் வரும். பேசு என்ற வினையோடு சேர்ந்து லொக்வாக்ஸ், பேச்சை நிறுத்தாதவர். விழுங்கு என்பதோடு சேர்ந்து வொராக்ஸ், தின்று தீராதவர். பற்று என்பதோடு சேர்ந்து டெனாக்ஸ், பிடித்த பிடியை விடாதவர். துணி என்பதோடு சேர்ந்து ஆடாக்ஸ், துணிச்சல்காரர். இவையே ஆங்கிலத்தில் லொக்வேஷஸ், வொரேஷஸ், டெனேஷஸ், ஆடேஷஸ் என்று நிற்கின்றன.

நம்மிடமும் இதற்கு இணை உண்டு. ஒருநாள் அதிகம் பேசியவரை வாயாடி என்று சொல்லமாட்டோம், எப்போதும் பேசுபவர்தான் வாயாடி. ஒருமுறை கோபப்பட்டவர் கோபக்காரர் ஆகிவிடமாட்டார். பக்னேஷஸும் அப்படித்தான். ஒரு மாலைப்பொழுதில் பொறுமை இழந்து கத்தியவருக்கு அது பொருந்தாது. என்றைக்கும், எந்தக் கூட்டத்திலும், யாரோடும் மல்லுக்கு நிற்பவருக்கே பொருந்தும். விதிவிலக்கு, முகத்தோற்றத்தையும் தொனியையும் சொல்லும்போது. பக்னேஷஸ் தாடை, பக்னேஷஸ் குரல் என்று அந்த நேரத்துத் தோரணையையும் குறிக்கலாம்.

எழுத்துக்கூட்டுவதில் பலர் தடுமாறுவதும் இந்த வாலில்தான். ‘ஷஸ்’ என்ற ஒலிக்கு முன்னால் ‘சி’ எழுத்தா, ‘டி’ எழுத்தா? மனப்பாடம் தேவையில்லை, பெயர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். பெயர்ச்சொல் ‘ஆசிட்டி’ என்று முடிந்தால் பெயரடையில் ‘சி’. பக்னாசிட்டி, டெனாசிட்டி, ஆடாசிட்டி, வொராசிட்டி எல்லாம் இந்த வகை. பெயர்ச்சொல் ‘ஏஷன்’ என்று முடிந்தால் பெயரடையில் ‘டி’. ஃப்ளர்டேஷன், வெக்ஸேஷன், ஆஸ்டென்டேஷன் என்பவற்றின் பெயரடைகள் அந்த வகை. பக்னேஷன் என்றொரு சொல் வழக்கில் இல்லை, பக்னாசிட்டி இருக்கிறது. ஆகவே ‘சி’.

உச்சரிப்பில் இரண்டாவது அசையில் அழுத்தம் விழவேண்டும்: பக்-னே-ஷஸ். நடுவில் உள்ள ‘க்’ ஒலியை விழுங்கக் கூடாது. ரிபக்னன்ட் என்பதிலும் ‘க்’ கேட்கவேண்டும். ஆனால் இம்ப்யூன் என்பதில் அதே எழுத்து இருந்தும் ஒலி கிடையாது, பாய்ன்யன்ட் என்பதிலும் கிடையாது. அவை இரண்டும் பிரெஞ்சு வாய் வழியாக வந்தவை. அங்கே ‘ஜி’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட நம் ‘ஞ’ போல ஒலிக்கும். பக்னேஷஸை ஆங்கிலேயர் நேராக லத்தீன் ஏட்டிலிருந்து எடுத்ததால் இரண்டு மெய்யும் பிழைத்துக்கொண்டன.

காலில் பிறந்தது, வாயில் பிறந்தது

இப்போது அக்கம்பக்கம் பார்க்கலாம். அக்ரெஸிவ் என்பது காலில் பிறந்த சொல். லத்தீனில் ‘கிராதி’ என்றால் அடியெடுத்து வைத்தல், ‘அட்’ என்றால் நோக்கி. ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பதே அக்ரெஷன். கிரேடு, டிகிரி, புராக்ரஸ், காங்கிரஸ் எல்லாம் அதே அடியின் பிள்ளைகள். காங்கிரஸ் என்றால் சேர்ந்து நடந்து ஓரிடத்தில் கூடுதல்.

தமிழில் அக்ரெஷனுக்கு ஆக்கிரமிப்பு என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லும் காலில் பிறந்ததுதான் என்பதை நாம் கவனிப்பதில்லை. வடமொழியில் ‘க்ரம்’ என்றால் அடிவைத்தல், ‘ஆ’ என்றால் நோக்கி. கிரமம் என்றால் படிப்படியான ஒழுங்கு, திரிவிக்கிரமன் மூன்றடியால் உலகளந்தவன், பராக்கிரமம் முன்னேறிச் செல்லும் வீரம். அட்-கிராதி, ஆ-க்ரம் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போன்றவை. முன்பு குத்து விஷயத்தில் பார்த்ததைப் போல இங்கேயும் இரு வேர்களுக்கும் ஒலி உறவில்லை, எண்ணம் ஒன்று. எல்லைதாண்டி வைத்த காலடி என்பதால், அடுத்தவர் நிலத்தில் வேலி போடுவதும் ஆக்கிரமிப்பு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைவதும் ஆக்கிரமிப்பு. ஐ.நா. பொதுச்சபை 1974 டிசம்பர் 14 அன்று நிறைவேற்றிய 3314ஆம் தீர்மானம் அக்ரெஷனுக்கு வரையறை தந்தபோது, ஒரு நாட்டின் இறையாண்மைக்கோ நில ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராக இன்னொரு நாடு ஆயுதப் படையைப் பயன்படுத்துவது என்றே தொடங்கியது. அங்கே சுபாவத்துக்கு இடமில்லை, செய்த செயல்தான் கணக்கு. எனவே எந்த நாட்டின் தலைவரையும் பக்னேஷஸ் என்று குற்றஞ்சாட்டி வழக்குப் போடமுடியாது. அக்ரெஷன் என்றால் போடலாம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வரம்பிற்குள் வரும் குற்றங்களில் அதுவும் ஒன்று.

நாளிதழ்களில் அக்ரெஸிவ் என்பதற்குப் பெரும்பாலும் வருவது ஆக்ரோஷம். அது வாயில் பிறந்தது. வடமொழி ஆக்ரோசத்தின் வேர்ப்பொருள் உரக்கக் கூவுதல், ஏசுதல். ஆவேசமோ உடம்பிலேயே பிறக்காதது, வெளியிலிருந்து ஒன்று உள்ளே புகுதல். ஆங்கிலத்தில் வாயில் பிறந்த சொல் குவாரல்ஸம். லத்தீனில் முறையிடுதல், குறைசொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்தது. ஆகவே குவாரல்ஸம் ஆள் சொல்லுக்குச் சொல் சண்டை வளர்ப்பவர், பெரும்பாலும் அற்பக் காரணத்துக்காக. பக்னேஷஸ் ஆளுக்கு அந்தச் சிணுங்கல் கிடையாது.

பெலிஜெரன்ட் என்பது ‘பெல்லும்’, போர், ‘கெரேரே’, நடத்துதல் என்ற இரண்டும் சேர்ந்தது. போர் நடத்துபவர் என்பதே முதல் பொருள், சட்டத்தில் இன்றும் அதுதான். 1861 மே மாதம் பிரிட்டன் தன் நடுநிலையை அறிவித்து, அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்துநின்ற தென்மாநிலக் கூட்டமைப்பைப் பெலிஜெரன்ட் என்று ஏற்றபோது, அவர்களைச் சண்டைக்காரர்கள் என்று திட்டவில்லை. போரிடும் தரப்பு என்ற சட்டநிலையைக் கொடுத்தது. பேச்சுவழக்கில் மட்டும் அது ஆளின்மேல் இறங்கி, அடாவடி, மூர்க்கம் என்ற பொருளை எடுத்துக்கொண்டது. பெலிகோஸ் போரை விரும்பும் மனநிலை, அறிக்கைகளுக்கும் அரசுகளுக்கும் பொருந்தும். ட்ரகுலன்ட் காட்டுமிராண்டித்தனத்தில் தொடங்கி இன்று முறைத்துக்கொண்டு முரண்டுபிடிப்பதாகத் தேய்ந்துவிட்டது. ஹாஸ்டைல் மட்டும் தனிக்கதை. ‘ஹோஸ்டிஸ்’ என்பது லத்தீனில் பகைவன். பழைய காலத்தில் அதற்கு வெளியூரான் என்றுதான் பொருள் என்று சிசரோவே குறித்திருக்கிறார்.

குணமா, செயலா

உளவியல் தொடங்கிய காலத்தில் பக்னாசிட்டி ஒரு கலைச்சொல்லாகவே இருந்தது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் மனிதனின் இயல்பூக்கங்களைப் பட்டியலிட்டபோது அதைச் சேர்த்தார். வில்லியம் மக்டூகல் 1908இல் அதற்கு ஒரு தனி இடம் கொடுத்தார். பயத்துக்கு அபாயம் என்ற தூண்டுதல் இருக்கிறது, அருவருப்புக்கு அழுகிய பொருள் இருக்கிறது. பக்னாசிட்டிக்கு அப்படிச் சொந்தப் பொருள் எதுவும் இல்லை என்றார். வேறு எந்த உந்துதலும் தடுக்கப்படும்போது அது கிளம்புகிறது, அதோடு சேர்ந்த உணர்ச்சி கோபம் என்பது அவர் கருத்து. உண்ணும் நாயின் தட்டை நகர்த்திப் பாருங்கள், பசியின் பின்னாலிருந்து அது எட்டிப்பார்க்கும்.

இந்தச் சட்டகம் நீடிக்கவில்லை. சண்டைபோடுகிறான், ஏனென்றால் அவனிடம் சண்டைக்குணம் இருக்கிறது என்பது விளக்கமாகாது, அதே செய்தியை இரண்டுமுறை சொல்வதுதான். ஒரு ஆய்வாளர் குணத்தை எண்ணமுடியாது, செயலை எண்ணலாம். 1939இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, ஏமாற்றமும் தடையும் தாக்குதலுக்கு வழிவகுக்கின்றன என்ற கருதுகோளை முன்வைத்தபோது பக்னாசிட்டி போய் அக்ரெஷன் வந்துவிட்டது. உளவியல் நூல்களில் இன்று அக்ரெஷன் என்றால், தீங்கைத் தவிர்க்க விரும்பும் ஒருவருக்கு அதைச் செய்யும் நோக்கோடு செய்யும் செயல். கைவிடப்பட்ட கலைச்சொல் பொதுமொழிக்குத் திரும்பிவந்து, அரசியல்வாதிகளையும் வழக்கறிஞர்களையும் விளையாட்டுப் பயிற்சியாளர்களையும் வருணிக்கும் வேலையைப் பார்க்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது

ஒரே சொல்லைத் தேடிப் பிடித்து எல்லா இடத்திலும் ஒட்டுவதை நான் விரும்பவில்லை. போர்க்குணம் என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். தமிழில் அதற்கு மதிப்பு கூடிவிட்டது. போர்க்குணமிக்க தொழிற்சங்கம் என்றால் பாராட்டு, ஆங்கிலத்தில் அதற்கு மிலிட்டன்ட் என்று சொல் இருக்கிறது. ஆக்ரோஷம் என்பதில் சத்தம் அதிகம், அதுவும் நடந்துகொண்டிருக்கும் சத்தம்.

முஷ்டி மடங்கிய நிலையைத் தமிழ் வேறுவிதமாகப் படம்பிடித்திருக்கிறது: வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது. உடுத்த துணியை இழுத்து இறுக்கிக் கட்டியாயிற்று, கைகலப்புத் தொடங்கவில்லை. பக்னேஷஸின் துல்லியமான இடம் அதுதான். ‘எ பக்னேஷஸ் டிஃபென்டர் ஆஃப் ஹிஸ் பார்ட்டி’ என்ற தொடரைத் தன் கட்சிக்காக எங்கேயும் வரிந்துகட்டிக்கொண்டு வருபவர் என்று எழுதினால், பாதி கண்டனமும் பாதி மெச்சுதலுமாக ஆங்கிலத்தில் இருக்கும் அந்தச் சாயலும் கூடவே வந்துவிடும். நீதிமன்றத்தில் ஒவ்வொரு வரிக்கும் எழுந்து நிற்கும் வழக்கறிஞரை மல்லுக்கட்டுபவர் எனலாம். காரணமில்லாமல் அடுத்தவரைச் சீண்டுபவர் வலுச்சண்டைக்குப் போகிறவர். குழந்தையாக இருந்தால், செல்லமும் சேர்ந்து வரவேண்டுமென்றால், சண்டைக்கோழி. தாடைக்கும் முகத்துக்கும் அடிக்க வருவது போன்ற முறைப்பு என்று விரித்து எழுதுவதே நல்லது.

வரக்கூடாத இடம் ஒன்று உண்டு. அக்ரெஸிவ் டிரீட்மென்ட், அக்ரெஸிவ் கேன்சர், அக்ரெஸிவ் மார்க்கெட்டிங் என்று வரும் தொடர்களில் சண்டையே கிடையாது. அங்கே பொருள் வேகமும் தயங்காமையும். தீவிர சிகிச்சை, வேகமாகப் பரவும் புற்றுநோய், முனைப்பான விற்பனை முயற்சி. ஆங்கிலத்திலேயே இந்த இடங்களில் பக்னேஷஸை மாற்றிப் போட்டுப் பார்த்தால் வாக்கியம் உடைந்துவிடும். முஷ்டி உள்ளவர்க்குத்தான் அந்தச் சொல், புற்றுநோய்க்கு முஷ்டி இல்லை.

பெயரிலேயே முஷ்டி கொண்ட பறவை

லத்தீனின் புக்னாக்ஸ் எந்த மாற்றமும் இல்லாமல் இன்றும் உயிரோடு இருப்பது விலங்கியல் பெயர்களில். அட்லாண்டிக் கரைச் சேற்றில் வாழும் பிடில் நண்டு ஒன்றுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. அதன் ஆணுக்கு ஒரு கொடுக்கு சின்னது, மற்றது உடலுக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பெயர் வைத்தவருக்கு முஷ்டி கண்ணெதிரிலேயே இருந்தது. இன்னும் புகழ்பெற்றது, வடக்கு ஐரோப்பாவிலும் சைபீரியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் ரஃப் என்ற உள்ளான். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் அதற்குப் புக்னாக்ஸ் என்று பெயரிட்டார். பேரினப் பெயர் பின்னால் மாறி மாறி இன்று காலிட்ரிஸ் ஆகிவிட்டது. புக்னாக்ஸ் மட்டும் அசையவில்லை.

பெயருக்குக் காரணம் ஆண்பறவைகளின் களம். இனப்பெருக்கக் காலத்தில் அவற்றின் கழுத்தைச் சுற்றிப் பெரிய சிறகு வளையம் முளைக்கிறது. புல்வெளியில் சிறு சிறு இடங்களை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, வளையத்தை விரிப்பதும் எம்பிக் குதிப்பதும் அடுத்த இடத்துக்காரனை விரட்டுவதுமாக இருக்கும். நடுநடுவே வளையத்தை விரித்தபடியே குனிந்து, அலகைத் தரைக்கு நேராக வைத்து, உறைந்துபோய் நிற்கும். அந்த நேரத்தில் அதைப் பார்த்தால் பக்னேஷஸுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஆனால் எல்லா ஆண்களும் சண்டைபோடுவதில்லை. பெரும்பாலானவை இடம்பிடித்துப் போராடுபவை. சிறுபான்மை ஒன்றுக்கு வெளிர்நிற வளையம், அவை சொந்த இடமே வைத்துக்கொள்ளாமல், இடம்பிடித்தவற்றின் பக்கத்தில் அமைதியாக நின்று வாய்ப்புப் பார்க்கும். மூன்றாவது வகை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் உண்டு. அவற்றுக்கு வளையமே முளைப்பதில்லை, பார்வைக்குப் பெண்பறவை போலவே இருந்து கூட்டத்துக்குள் நடமாடும். எந்த வகையாகப் பிறக்கிறது என்பது மரபணுவில் முடிவாகிவிடுகிறது. பருவம் முடிந்ததும் மற்ற ஆண்களின் வளையமும் உதிர்ந்துவிடும், களம் கலைந்துவிடும், பறவைகள் தெற்கே கிளம்பிவிடும். அப்படி வளையமும் சண்டையும் இல்லாமல் சேற்றில் இரைதேடிக்கொண்டிருக்கும் அதே பறவைக்குத் தமிழில் இருக்கும் பெயர், பேதை உள்ளான்.